மலையக நீர்த்தேக்கத்தில் ஃபைபர் போட்: கரையேற்றிப் பழுதுபார்த்து, மழைக்காலம் முழுக்க மிதக்க வைப்பது எப்படி

காசல்ரீ, மவுசாக்கலை, தலவாக்கலை மேல் கொத்மலை, நுவரெலியா கிரகரி வாவி என்று எங்கே போட் வைத்திருந்தாலும், புதிதாக வாங்கியவர்கள் முதலில் செய்வது வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிப்பதுதான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே பூசிய பெயின்ட் அடுத்த மழைக்குள் கொப்பளித்து உரியும். இங்கே போட்டைக் கெடுப்பது அலை அல்ல, மழை. அடுத்தது நீர்மட்டம் ஏறி இறங்குவது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசை அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டி வரும்.

நான் சொல்வது பதினெட்டு அடி வரையுள்ள, பின்னால் சிறிய அவுட்போட் எஞ்சின் பூட்டிய ஃபைபர் போட்டுக்கு. பெரிய சுற்றுலாப் போட்டுகளுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

1. வேலையை மாதக் கணக்கில் திட்டமிடுங்கள்

மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஃபைபர் வேலைக்கு ஏற்ற காய்ந்த காலம் ஜனவரி பின்பகுதியிலிருந்து மார்ச் வரைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ந்த காலத்தில் டேமில் தண்ணீரும் வற்றும். மார்ச்சில் போட்டை ஏற்றலாம் என்று காத்திருந்தால், போட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பெரிய சேற்றுச் சரிவு கிடக்கும். வற்றிய டேமின் வண்டல் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும். அதனால் தண்ணீர் இன்னும் உயரத்தில் நிற்கும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ ஏற்றிவிடுங்கள். வேலை பிறகு நடக்கட்டும்.

ஏற்றிய போட்டை முழு நீர்மட்டக் கோட்டுக்கு மேலே வையுங்கள். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கரையில் புல் முளைக்காத செம்மண் பட்டை எங்கே முடிகிறதோ அதுதான் கோடு. "இப்போதைக்குத் தண்ணீர் வராது" என்று பட்டைக்குள் விட்டுவைத்த போட்டுகள் மே மாதப் பெருமழையில் ஒரே இரவில் மிதந்து போனதுண்டு.

இவற்றில் பெரும்பாலானவை மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள். புதிதாகப் போட் இறக்குபவர்கள் எங்கே இறக்கலாம், அணைக்கட்டுக்கும் நீர் உள்ளிழுக்கும் கோபுரத்துக்கும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அணைக்கட்டு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கத்தான் என்றால் மீன்பிடித் திணைக்களத்து அனுமதி வேறு.

2. சாமான்களை முன்கூட்டியே வாங்குங்கள்

ஹட்டன் ஹார்ட்வெயார் கடைகளில் ரெசின் (ஃபைபரை ஒட்டும் பிசின்), ஃபைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கிடைக்கும். எஞ்சின் உதிரிகளுக்குப் பெரும்பாலும் நீர்கொழும்புக்கோ கொழும்புக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். எஞ்சினைத் திறந்துவிட்டு உதிரிக்குக் காத்திருந்தால் காய்ந்த மாதங்கள் போய்விடும். ஆகவே இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம்), கியர் ஒயில் திருகாணிக்கான வாஷர், ஸ்பார்க் பிளக், ஷியர் பின் (புரொப்பெல்லர் இடித்தால் தான் முறிந்து எஞ்சினைக் காக்கும் ஊசி), அனோட் (எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) ஆகியவற்றை ஜனவரியிலேயே வரவழையுங்கள்.

ஃபைபர் வேலைக்கு: பொலியெஸ்டர் ரெசின், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், ஹார்ட்னர், அசிட்டோன், ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்ச், அரைக்கும் கிரைண்டர், தூசு முகமூடி, கண்ணாடி, கையுறை. சிரிஞ்ச் எதற்கென்றால், ஹார்ட்னரை மூடியால் அளக்கும் பழக்கத்தை ஒழிப்பதற்கு.

ரெசின் வாங்கும்போது ஆக்சிலரேட்டர் (இறுகுவதைத் துரிதப்படுத்தும் மருந்து) கலந்ததா என்று கேளுங்கள். நீலச்சாயலோ இளஞ்சிவப்புச் சாயலோ இருந்தால் பொதுவாகக் கலந்ததுதான். கலக்காததை வாங்கினால் ஆக்சிலரேட்டரைத் தனியாகத் தருவார்கள். அந்த ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே மற்றதை விட வேண்டும். கலந்த ரெசினையே வாங்குவது புத்திசாலித்தனம்.

3. கழற்றி, கவிழ்த்து, காய வையுங்கள்

எஞ்சின், பெட்ரோல் டேங்க், பட்டறி, பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே கழுவுங்கள். வடிகால் அடைப்பானைத் திறந்து கையோடு எஞ்சினில் கட்டிவையுங்கள். பிறகு தேடத் தேவையில்லை.

இருக்கைக்கு அடியில் இருக்கும் மிதவைப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். வெறும் காற்று இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புத் தண்ணீர் நிற்கும். ஃபோம் அடைத்த பெட்டியானால், ஃபோம் தண்ணீரைக் குடித்திருக்கும். கையில் அழுத்தினால் நீர் கசிகிற ஃபோம் மிதக்க வைக்காது, பாரமாகத்தான் இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, இறுக மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன்களை அடுக்குவது மலிவு. கேன் ஓட்டையானால் தெரியும், மாற்றலாம்.

பிறகு போட்டைக் கவிழ்த்து, இரண்டு மரக்கட்டை மேல் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். கீழே காற்று ஓட வேண்டும். ஈரத் தரையில் கவிழ்த்து வைத்த போட் காயவே காயாது, அட்டைகளுக்குத்தான் வீடாகும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பழுதான இடத்தைச் சொரசொரப்பாக்கி, ஓரடிச் சதுரத்துக்குத் தெளிவான பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் வெயில் பட்ட பிறகு பொலித்தீனின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காத நாள் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் வெட்டுகிறார்கள்.

4. டிரான்சத்தைத் தட்டிப் பாருங்கள்

எஞ்சின் தொங்கும் பின்பலகைதான் டிரான்சம். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். கடற்கரையில் பழகிய பாஸ்மார் (போட் வேலை செய்பவர்கள்) இதை அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டார்கள், ஏனென்றால் உப்பு மரத்தை ஓரளவு காப்பாற்றும். இங்கே ஊறுவது மழைத்தண்ணீர். எஞ்சின் போல்ட் துளை வழியாக இறங்கி, பிளைவுட்டை உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போகச் செய்யும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும், உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் உள்பக்கமிருந்து, அடிப்பக்கமாக, மெல்லிய துளை போட்டுப் பாருங்கள். வரும் தூள் வெளுத்துக் காய்ந்திருந்தால் துளையை ரெசினால் மூடிவிட்டு நிம்மதியாக இருங்கள். கருத்த ஈரத்தூள் வந்தால் உள்பக்க ஃபைபரை வெட்டி, பிளைவுட்டை மாற்றியே ஆக வேண்டும். உளுத்த பலகைக்கு மேலே இன்னொரு பலகை வைத்துப் போல்ட் முடுக்குவது சிலருக்குப் பிடித்த குறுக்குவழி. எஞ்சின் முழு வேகத்தில் தள்ளும்போது அந்த இரண்டு பலகையும் சேர்ந்து கழன்று வரும்.

புதிதாகப் போல்ட் துளை போடும்போது இரண்டு முறை துளையுங்கள். முதலில் போல்ட்டைவிடப் பெரிய துளை போட்டு, அதை ரெசினால் நிரப்பி இறுக விடுங்கள். பிறகு அந்த ரெசினின் நடுவே போல்ட் அளவுக்குத் துளையுங்கள். இனித் தண்ணீர் துளைக்குள் வந்தாலும் மரத்தைத் தொடாது. அரை நாள் கூடுதல் வேலை, ஆனால் டிரான்சத்தின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

5. ஃபைபர் ஒட்டுவது

முதலில் வெடிப்பைச் சுற்றி அரையுங்கள். செங்குத்தாக வெட்டாமல், ஓரம் சரிவாக வர வேண்டும். போட்டின் உடம்புத் தடிப்பு 5 மில்லிமீட்டர் என்றால் சரிவு 50 முதல் 60 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஒட்டின் பலம் அந்தச் சரிவின் பரப்பில்தான் இருக்கிறது. பள்ளத்தை மட்டும் நிரப்பிய ஒட்டு, கல்லில் இடித்ததும் மூடி கழன்ற மாதிரி விழுந்துவிடும்.

அரைத்த தூசைத் துடைத்து, அசிட்டோனால் ஒரு முறை துடையுங்கள். அது ஆவியானதும் கைவிரல் படக்கூடாது. வியர்வையின் எண்ணெய்ப் பிசுக்கே போதும், ரெசின் பிடிக்காது.

நேரம் முக்கியம். பெப்ரவரி காலையில் நுவரெலியாவில் பனி உறையும், நோர்வூட்டிலும் விறைக்கும். 15 பாகை செல்சியசுக்குக் கீழே பொலியெஸ்டர் சரியாக இறுகாது. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் கடைசி அடுக்கை முடியுங்கள். மாலைப் பனி விழும் முன் மேற்பரப்பு இறுகிவிட வேண்டும். குளிரைச் சமாளிக்க ஹார்ட்னரை இரட்டிப்பாக ஊற்றுவது வழக்கமான தவறு. அளவுக்கு மேல் ஊற்றினால் ரெசின் மொறமொறப்பாகி வெடிக்கும். அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக, வேலை செய்யும் இடத்தை முன்னதாகவே வெயிலில் வைத்துச் சூடேற்றுங்கள்.

அளவு இப்படி. ஓரடிச் சதுரத்துக்கு மூன்று அடுக்கு 450 மேட் வைத்தால், மேட் மட்டும் ஏறத்தாழ 120 கிராம். ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 300 கிராம். அதற்கு ஹார்ட்னர் 5 மில்லிலீட்டர் போதும். எப்போதும் ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நில்லுங்கள். கலக்கியதை ஆழமான கோப்பையில் வைத்திருந்தால் சூடாகிச் சீக்கிரம் கட்டிவிடும். அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், ஒரு முறைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும். தெறித்தால் அந்த நிமிடமே கழுவத் தொடங்கி, விடாமல் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சின்னத் துண்டை முதலில் வைப்பதா, பெரியதையா என்று பாஸ்மாரிடையே ஓயாத வாதம் உண்டு. நான் பெரியதை முதலில் வைக்கச் சொல்வேன், அரைத்த பரப்பு முழுவதையும் முதல் அடுக்கே பிடித்துக்கொள்ளும் என்பதால். தூரிகையால் தேய்க்காமல் குத்துங்கள். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. மேட் முழுவதும் ஊடுருவித் தெரிந்தால்தான் ரெசின் நிறைந்திருக்கிறது.

சாதாரண ரெசினின் மேற்பரப்பு காற்றுப் படுவதால் பிசுபிசுப்பாகவே இருக்கும். கடைசி அடுக்குக்கு மெழுகு கலந்த ரெசினோ, மெழுகு கலந்த ஜெல்கோட்டோ (வெளிப்பூச்சு ரெசின்) பூசுங்கள், அல்லது மேலே பொலித்தீனை ஒட்டி இறுகிய பிறகு உரியுங்கள். பெயின்ட் வேலை இதற்கெல்லாம் பிறகுதான்.

6. எஞ்சினை உயரத்துக்குப் பழக்குங்கள்

காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரகரி வாவி ஏறத்தாழ 1,870 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். கார்பரேட்டர் எஞ்சின் நூறு மீட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும் என்று தோராயமாகக் கணக்கு வைக்கலாம். கடற்கரையில் பதினைந்து குதிரைவலுவில் பாய்ந்த எஞ்சின் நுவரெலியாவில் பன்னிரண்டு சொச்சம்தான் தரும். எஞ்சின் பழுது என்று நினைத்துப் பிரித்துப் போடாதீர்கள்.

காற்று குறைந்து பெட்ரோல் அதே அளவில் போவதால் பிளக் கருகும், புகை கூடும். இங்கேதான் ஆபத்தான தவறு நடக்கிறது. பிளக் கருப்பாக இருக்கிறதே என்று டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலக்கும் ஒயிலைக் குறைப்பார்கள். பிஸ்டன் பிடித்துவிடும். ஒயில் அளவு எஞ்சின் கையேட்டில் உள்ளதேதான். 50க்கு 1 என்றால் ஒரு லீட்டருக்கு 20 மில்லிலீட்டர். ஒயில் டின்னில் டிசி-டபிள்யூ3 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் டூடி ஒயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு ஏற்றதல்ல.

சரியான வழிகள் இரண்டு. மெக்கானிக்கிடம் சொல்லி, கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றலாம். பிச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் பூட்டினால் எஞ்சின் தன் முழுச் சுற்றுக்கு ஏறும். முதலில் புரொப்பெல்லரைப் பாருங்கள், பாரம் ஏற்றும் போட்டுக்கு அதுவே போதுமானதாக இருக்கும். ஜெட் மாற்றினால் பழைய ஜெட்டை எஞ்சினோடு கட்டிவையுங்கள். அதே எஞ்சினை யாராவது சிலாபத்துக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுபோய்ச் சின்ன ஜெட்டோடு ஓட்டினால், பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறி உருகும்.

கியர் ஒயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீழ்த் திருகை முதலில், மேல் திருகை அடுத்துக் கழற்றினால் வடியும். வருவது பால் கலந்த மாதிரி இருந்தால் சீல் போய்விட்டது. காரணம் அநேகமாகப் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றியிருக்கும் வலை நைலோன்தான். டேம் முழுக்க வலை கட்டும் இடத்தில், மாதம் ஒருமுறையாவது புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைத் துடைத்துப் பாருங்கள். புது ஒயிலைக் கீழ்த் துளையிலிருந்துதான் ஏற்ற வேண்டும். மேலே வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகு கீழ்த் திருகு. மேலிருந்து ஊற்றினால் நடுவே காற்று தங்கிவிடும்.

கரையிலிருந்து வந்த எஞ்சினில் துத்தநாக அனோட் இருக்கும். அது உப்புநீருக்கானது. நன்னீரில் மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும், அரிப்பு எஞ்சின் கால் அலுமினியத்தில் நடக்கும். நன்னீருக்கு மக்னீசியம் அனோட். அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

பெருமழைக்குப் பின் ஆற்று முகத்தில் தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். அந்த மணல் இம்பெல்லரைத் தின்னும். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் நீரை ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே இருங்கள். மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். கரையில் சோதிப்பதானால் பீப்பாய்த் தண்ணீரில் வைத்துத்தான். "ஒரு உதை பார்ப்போம்" என்று காய்ந்த நிலையில் ஓட்டினால் இம்பெல்லர் கருகும்.

7. நீர்மட்டம் மாறும் இடத்தில் கட்டுவது

கரை மரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவது புதியவர்களின் பழக்கம். இரவில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மட்டம் இறங்கும். போட்டின் முன்பக்கம் சரிவில் தொங்கும், பின்பக்கம் தாழ்ந்து டிரான்சம் வழியாக நீர் ஏறும். மழையில் மட்டம் ஏறினால் அதே கயிறு முன்பக்கத்தைக் கீழே இழுக்கும். இரண்டிலும் போட் நீரேறி மூழ்கும். தலவாக்கலையில் தேக்கம் சிறியது, அங்கே மட்டம் ஒரே நாளுக்குள்ளேயே மாறும். காசல்ரீயில் மெதுவாக மாறும். ஆனால் மாதக் கணக்கில் பல மீட்டர்.

நல்ல வழி, கரையிலிருந்து தள்ளி மிதவையில் கட்டுவது. பழைய லொறி டயருக்குள் கொங்கிறீட் ஊற்றி, நடுவே சங்கிலி வளையம் பதித்து இறக்குங்கள். கொங்கிறீட் தண்ணீருக்குள் தன் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இழக்கும். 100 கிலோ கட்டி உள்ளே 60 கிலோகூட இழுக்காது. அதனால் போதும் என்று தோன்றுவதைவிடப் பெரிதாக ஊற்றுங்கள். சரிவான அடித்தளத்தில் கட்டி வழுக்கிக்கொண்டே ஆழத்துக்குப் போகும், எனவே குடாவின் தட்டையான இடமாகத் தேடுங்கள். அதற்குச் சிறந்த நேரம் வற்றிய மார்ச்சுதான், அடித்தளத்தையே கண்ணால் பார்க்கலாம்.

கயிறு முழு நீர்மட்டத்துக்கும் எட்ட வேண்டும். இன்றைய ஆழத்தை அளந்து வெட்டினால் ஜூலையில் மிதவை தண்ணீருக்குள் போய்விடும். நீளக் கயிறு வற்றிய காலத்தில் தளர்ந்து போட் ஊரெல்லாம் சுற்றுமே என்றால், கயிற்றின் நடுவில் இரண்டு மூன்று கிலோ பாரம் ஒன்று கட்டுங்கள். தளர்ச்சியை அது கீழே இழுத்து வைத்துக்கொள்ளும்.

கயிறு நைலோனாக இருக்கட்டும், 12 மில்லிமீட்டர். அது மூழ்கும், இழுபட்டுக் கொடுக்கும். நீலப் பொலிப்புரொப்பிலீன் கயிறு மலிவுதான், ஆனால் மேலே மிதந்து எஞ்சினில் சுற்றும், மலை வெயிலில் சீக்கிரமே நாராக உதிரும். போட்டில் உரசும் இடத்தில் ஒரு முழம் ஹோஸ் பைப்பைக் கோர்த்துவிடுங்கள்.

கரையில்தான் கட்ட முடியும் என்றால் இரட்டைக் கட்டு: முன்பக்கம் நீளக் கயிற்றில் மேட்டு மரத்துக்கு, பின்பக்கம் ஆழத்தில் நங்கூரத்துக்கு. போட் எப்போதும் கரையிலிருந்து இரண்டு பாகம் (சுமார் பன்னிரண்டு அடி) தள்ளி நிற்கட்டும். மட்டம் மாறும் வாரங்களில் காலை மாலை போய்ச் சரிசெய்தே ஆக வேண்டும். இதற்கு ஆள் இல்லாதவர் மழை மாதங்களில் போட்டைக் கரையேற்றிவிடுவது மேல்.

8. மேலிருந்து வரும் தண்ணீர்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர். பதினெட்டு அடிப் போட்டின் திறந்த பரப்பு சுமார் ஆறு சதுர மீட்டர். தென்மேற்குக் காலத்தில் ஓர் இரவில் நூறு மில்லிமீட்டர் பெய்வது அதிசயம் அல்ல. விடியும்போது 600 லீட்டர், அதாவது அரை டன்னுக்கு மேல் தண்ணீர் போட்டுக்குள். போதாததற்கு, நன்னீரில் போட் கடலைவிடச் சற்றுத் தாழ்ந்தே மிதக்கும்.

தறப்பாளைத் தட்டையாக விரித்துக் கட்டினால் நடுவில் குளம் கட்டி, அந்தப் பாரத்திலேயே கிழியும். முன்னிருந்து பின்வரை ஒரு பிவிசி பைப்பையோ மூங்கிலையோ முகட்டு வளையாக உயர்த்தி, இரண்டு பக்கமும் லயத்துக் கூரை மாதிரிச் சரிய விடுங்கள். ஓரம் போட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும், உள்ளே மடிந்தால் தண்ணீர் உள்ளேதான் வடியும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பயன்படுத்துங்கள். திடீர்க் காற்றில் டியூப் இழுபட்டுக் கொடுக்கும், கயிறானால் வளையத்தைப் பிய்த்துவிடும். முன்னும் பின்னும் ஒரு சாண் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

தானியங்கிப் பம்ப் பூட்டியிருக்கிறேன், தறப்பாள் எதற்கு என்பார்கள். மணிக்கு 500 கேலன் பம்ப் அந்த 600 லீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற்றும், பட்டறியும் தாங்கும். பழுது வருவது பட்டறியில் அல்ல. ஒரு யூகலிப்டஸ் இலை மிதவைச் சுவிட்சுக்கு அடியில் சிக்கினால் எல்லாம் முடிந்தது. பம்பைச் சுற்றிக் கண்ணியுள்ள வலைத்துண்டைச் சுற்றி வையுங்கள், தறப்பாளையும் கட்டுங்கள்.

கரையில் நிற்கும் போட்டுக்கு நேர்மாறு: முன்பக்கத்தை உயர்த்தி, வடிகாலைத் திறந்துவிடுங்கள். இறக்கும்போது அடைப்பானைப் பூட்ட மறப்பவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள். எஞ்சினில் கட்டிவைக்கச் சொன்னது அதற்குத்தான்.

9. தண்ணீரில் இறங்கிய பிறகு

வற்றிய மாதங்களில் மவுசாக்கலையில் மிக மெதுவாகப் போங்கள். 1969இல் அந்த நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் சுவர்களும் அப்போது மேலே தெரியும். தெரிகிறவற்றால் ஆபத்தில்லை, மேற்பரப்புக்கு அரையடி கீழே நிற்கும் சுவரும் மரக்கட்டையும்தான் புரொப்பெல்லரை உடைக்கும்.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இரண்டு மணிக்குள் கரை சேருங்கள். திறந்த நீரில் நீங்கள்தான் உயரமான பொருள், இடி உங்களைத்தான் தேடும்.

மூடுபனி இறங்கினால் எஞ்சினை நிறுத்தி, விசில் ஊதி, நின்ற இடத்திலேயே நங்கூரம் போடுங்கள். காசல்ரீ கைகைகளாகப் பிரிந்த டேம். குத்துமதிப்பாக ஓட்டினால் வேறொரு கைக்குள் போய்விடுவீர்கள், அல்லது அணைக்கட்டுப் பக்கம். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதில் பிரயோசனமில்லை, போட்டிருக்க வேண்டும்.

சிலர் தறப்பாளில் பாய் கட்டி ஓட ஆசைப்படுகிறார்கள். பெட்ரோல் விலையைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் மலை இடுக்கு வழியாக வரும் காற்று ஒரு நிமிடத்துக்குள் திசை மாறி மேலிருந்து அறையும். பாயின் கயிற்றை எக்காரணம் கொண்டும் முடிச்சுப் போட்டு வைக்காதீர்கள், கையில் பிடித்திருங்கள். காற்று அறைந்ததும் விட்டுவிட முடிய வேண்டும்.

10. இரவு போட்டில் தங்குவதானால்

வலைக்குக் காவலாகவோ, மூடுபனியில் மாட்டியோ தங்க வேண்டி வரலாம். தறப்பாளுக்கு உள்ளே கரி அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ வைத்துக் குளிர்காய்வது உயிரைக் குடிக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். தேத்தண்ணீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

குளிர் கீழேயிருந்துதான் ஏறும். மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிட, கீழே தடித்த ரெஜிஃபோம் பலகை ஒன்று விரிப்பது பலன் தரும். மாற்று உடுப்பை மூடியிறுக்கும் வாளியில் வையுங்கள். தறப்பாளின் உள்பக்கம் மூச்சால் வியர்த்துச் சொட்டும்.

விளக்குக்கு 12 வோல்ட் பட்டறி போதும். ஓய்வில் அளந்தால் 12.6 வோல்ட் என்பது நிறைந்தது, 12.2 என்பது பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈயப் பட்டறி சீக்கிரம் செத்துவிடும். சோலார் தகடு வைத்திருந்தாலும் ஜூன், ஜூலை மூடத்தில் அதை நம்பி இருக்க வேண்டாம், மீட்டரைப் பாருங்கள்.

பெட்ரோல் டேங்கின் காற்றுத் திருகை மூடி, தூங்கும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் தேங்கும். காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் தறப்பாளை முழுவதும் கழற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்து, பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். அதற்குப் பிறகே பட்டறிச் சுவிட்சைப் போடலாம்.